மதுக்கோப்பையில் தேயிலை

தேயிலையை மதுவோடு சேர்க்க மூன்று வழிகள் உண்டு. தேநீரைத் தயாரித்து ஜின், ரம் போன்ற வடித்த மதுவில் கலப்பது முதல் வழி. இலையை நேரே மதுவில் ஊறவைத்து வடிகட்டுவது இரண்டாவது. தேநீரையே நொதிக்கவிட்டுப் பானமாக்குவது மூன்றாவது. கடந்த 20 ஆண்டுகளில் நியூயார்க், லண்டன், டோக்கியோ, சிங்கப்பூர் போன்ற நகரங்களின் மதுக்கூடங்களில் இவை மூன்றும் பரவியுள்ளன. டின்னில் அடைத்து விற்கும் பானங்களிலும் தேயிலை இடம்பிடித்துவிட்டது.

எந்த வழியில் சேர்த்தாலும் தேயிலை தன்னோடு மணம், நிறம், கசப்பு, துவர்ப்பு ஆகிய நான்கையும் கொண்டுவருகிறது. மணமும் நிறமும் மதுவோடு எளிதில் இணங்கிவிடும். கசப்பைச் சர்க்கரை ஓரளவு மறைத்துவிடும். துவர்ப்புதான் லேசில் வழிக்கு வராது. தேநீர் காக்டெய்லுக்கென்று இதுவரை உருவான உத்திகளில் பெரும்பாலானவை இந்தத் துவர்ப்பைக் கையாளப் பிறந்தவையே.

பெயரில் 'டீ' இருப்பதெல்லாம் இந்த வகையில் சேராது. லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ என்ற புகழ்பெற்ற காக்டெய்லில் வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்கர் ஆகிய ஐந்தும் உண்டு, தேயிலை மட்டும் இல்லை. அதன் தேநீர் நிறம் கோலாவிலிருந்து வருகிறது.

இலையில் இருப்பவை

பச்சைத் தேயிலை, ஊலாங், கறுப்புத் தேயிலை எல்லாம் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள்தான். கொழுந்து பறித்த பின் நடக்கும் வேலைகளே வகையைத் தீர்மானிக்கின்றன. கொழுந்தின் உலர் எடையில் சுமார் 25 முதல் 35 சதவீதம் பாலிபீனால்கள். அவற்றில் பெரும்பகுதி கேட்டச்சின் எனப்படும் நிறமற்ற, துவர்ப்பான சேர்மங்கள். பறித்தவுடன் ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கினால் இலையின் நொதிகள் செயலிழந்து, கேட்டச்சின்கள் அப்படியே தங்கிவிடும். அதுவே பச்சைத் தேயிலை. இலையை வாடவைத்து, உருட்டி நசுக்கிக் காற்றுப்பட விட்டால் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி கேட்டச்சின்களை இணைத்து, செம்மஞ்சள் நிறத் தியாஃபிளேவின்களாகவும் செம்பழுப்பு நிறத் தியாரூபிஜின்களாகவும் மாற்றுகிறது. கறுப்புத் தேயிலையின் நிறமும் விறுவிறுப்பும் இவற்றால் வருபவை. ஊலாங் இந்த மாற்றத்தைப் பாதிவழியில் நிறுத்திய இலை.

இவற்றோடு எடையில் 2 முதல் 4 சதவீதம் கஃபீனும் உண்டு. அது கசப்பைத் தருகிறது. 1949இல் ஜப்பானில் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தறியப்பட்ட தியனின் என்ற அமினோ அமிலம் ஊமாமி எனப்படும் நிறைசுவையைத் தருகிறது. லினலூல், ஜெரானியால் போன்ற எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் பூமணம் தருகின்றன. மணம் தரும் இச்சேர்மங்கள் எடையில் மிகச் சொற்பமே என்றாலும் ஒரு தேயிலையை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டுபவை அவைதான்.

துவர்ப்பு நாவின் சுவை மொட்டுகள் மட்டும் உணரும் சுவை அல்ல. உமிழ்நீரில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. வாயை வழுவழுப்பாக வைத்திருப்பவை அவை. பாலிபீனால்கள் இப்புரதங்களோடு பிணைந்து திரளும்போது அந்த வழுவழுப்பு குறைந்து, நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து இழுப்பது போன்ற உணர்வு எழுகிறது. பாக்கையோ வாழைப்பூவையோ பச்சையாக மென்றால் ஏற்படுவதும் இதுதான். இந்தப் பிணைப்பு அமிலச் சூழலில் வலுக்கிறது. காக்டெய்ல்களில் பெரும்பாலும் எலுமிச்சைச் சாறு சேர்வதால், கோப்பையில் தனியாகக் குடிக்கும்போது உறுத்தாத தேநீர்கூட அங்கே கடுமையாகத் துவர்க்கும்.

நீர் எடுப்பதும் ஆல்கஹால் எடுப்பதும்

நீரில் இலையிலிருந்து என்னென்ன இறங்கும் என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. கஃபீனின் கரைதிறன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அறை வெப்பத்தில் 100 மில்லி நீரில் சுமார் 2 கிராம் கஃபீன் கரையும். கொதிநீரில் 60 கிராமுக்கும் மேல் கரையும். கேட்டச்சின்களில் அதிகம் துவர்க்கும் வகைகளும் சூட்டில்தான் நன்றாக இறங்குகின்றன. தியனினோ குளிர்ந்த நீரிலும் எளிதாகக் கரைந்துவிடும். பச்சைத் தேயிலையைப் பனிக்கட்டி நீரில் பல மணி நேரம் ஊறவைத்தால் துவர்ப்பும் கசப்பும் குறைந்து, இனிமையும் ஊமாமியும் மேலோங்குவது இதனால்தான். குளிர்நீரில் ஊறிய தேநீரை மதுக்கூடங்கள் விரும்புவதற்கும் இதுவே காரணம்.

ஆல்கஹால் வேறு விதமாக வேலை செய்கிறது. எத்தனால் மூலக்கூறின் ஒரு முனை நீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெய்த் தன்மை கொண்ட பொருட்களோடு ஒட்டும். அதனால் 40 சதவீத ஆல்கஹால் உள்ள ஜின் அல்லது வோட்கா, நீரில் கரையாத மண எண்ணெய்களையும் இலையிலிருந்து இழுத்துவிடும். எர்ல் கிரே தேயிலையின் மணம் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெயால் வருவது. அந்த எண்ணெயிலுள்ள லிமோனீன் நீரில் கரைவதே இல்லை எனலாம். ஆல்கஹாலில் தாராளமாகக் கரையும். ஏலம், கிராம்பு சேர்ந்த மசாலாத் தேயிலை ரம்மில் ஊறும்போது மணம் கமழ்வதற்கும் இதே விதிதான் காரணம். ஆல்கஹாலின் செறிவு கூடினால் பச்சையமும் சேர்ந்து இறங்கி, மது பச்சை நிறம் பெறும்.

ஆனால் நீரும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் பாலிபீனால்களும் கஃபீனும் அறை வெப்பத்திலேயே நன்றாக இறங்கிவிடுகின்றன. மதுவில் தேயிலையை ஊறவைக்கும் நேரம் மிகவும் முக்கியமாவது இதனால்தான். இலையைப் பொறுத்துச் சில நிமிடங்கள் முதல் ஓரிரு மணி நேரம் போதும். இரவு முழுவதும் ஊறவிட்டால் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கைத்துத் துவர்க்கும். இலையை நசுக்கிச் சிறு குருணையாக்கும் சி.டி.சி. தேயிலையில் இது இன்னும் விரைவாக நடக்கும். அதனால் ஊறவைக்க முழு இலைத் தேயிலையே பொருத்தமானது.

பன்ச் காலத்துப் பாடம்

மதுவில் தேயிலை புகுந்தது புதிய செய்தி அல்ல. மது, எலுமிச்சை, சர்க்கரை, நீர், நறுமணப் பொருள் ஆகியவற்றைப் பெரிய கிண்ணத்தில் கலக்கும் பன்ச் என்ற பானம் 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடையே பரவியது. 1632இல் கம்பெனி ஆள் ஒருவர் ஆந்திரக் கடற்கரையிலிருந்த வணிகருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பெயர் காணப்படுகிறது. இங்கிலாந்தில் தேயிலை பரவிய பின் பன்ச்சில் நீருக்குப் பதில் தேநீர் சேர்க்கும் வழக்கமும் வந்தது. 1784இல் பிரிட்டன் தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. அதுவரை கடத்தல் சரக்காகவும் உலவிய தேயிலை எல்லோர் கைக்கும் எட்டியது.

துவர்ப்புக்கான மருந்தும் அக்காலத்திலேயே கிடைத்துவிட்டது. பன்ச்சில் பாலைச் சேர்த்தால் எலுமிச்சையின் புளிப்பில் பால் திரியும். திரிந்ததை வடிகட்டினால் கண்ணாடி போலத் தெளிந்த பானம் கிடைக்கும். பிராந்தி, எலுமிச்சை, ஜாதிக்காய், பால் சேரும் இத்தகைய பால் பன்ச்சின் செய்முறையை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1763இல் தம் நண்பர் ஜேம்ஸ் போடனுக்கு எழுதி அனுப்பினார். அமெரிக்காவின் முதல் காக்டெய்ல் நூலாகக் கருதப்படும் ஜெர்ரி தாமஸின் 1862ஆம் ஆண்டு நூலில், ஆங்கிலேயப் பால் பன்ச்சுக்கு எலுமிச்சை, அன்னாசி, கிராம்பு, இலவங்கப்பட்டை, கொத்தமல்லி விதை, பிராந்தி, ரம், அராக் என்ற சாராயம் ஆகியவற்றோடு கெட்டியான பச்சைத் தேநீரும் சேர்கிறது. கொதிநீர் ஊற்றி மூடிச் சில மணி நேரம் ஊறிய பின் சூடான பாலும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துத் துணிப்பையில் வடிகட்ட வேண்டும்.

பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் உமிழ்நீர்ப் புரதத்தைப் போலவே புரோலின் மிகுந்தது. பாலிபீனால்கள் அதைக் கண்டதும் பற்றிக்கொள்கின்றன. பி.எச். அளவு 4.6 வரை இறங்கும்போது கேசீன் திரண்டு கட்டியாகிறது. அந்தக் கட்டி தன்னைப் பற்றிய பாலிபீனால்களையும் சேர்த்து வெளியேறிவிடுகிறது. வாயில் நடக்க வேண்டிய பிணைப்பு பாத்திரத்திலேயே நடந்துவிடுவதால் குடிப்பவருக்குத் துவர்ப்பு குறைவாகத் தெரியும். இதே பிணைப்பால்தான் டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க இறக்கிய கெட்டி டிகாக்‌ஷனும் பால் சேர்ந்ததும் வாய்க்கு இதமாகிவிடுகிறது.

நியூயார்க்கின் இரு கோப்பைகள்

இன்றைய தேநீர் காக்டெய்ல் அலைக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் ஆட்ரி சாண்டர்ஸ். இவர் 2005இல் நியூயார்க்கில் பெகு கிளப் என்ற மதுக்கூடத்தைத் திறந்தவர். எர்ல் கிரே மார்ட்டீனி என்ற இவரது காக்டெய்லில், ஜின்னில் எர்ல் கிரே இலையை அறை வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுவார்கள். அதனுடன் எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, முட்டை வெள்ளை சேர்த்துக் குலுக்குவார்கள். முட்டை வெள்ளை நுரைக்காக மட்டும் சேர்வதல்ல. அதன் புரதங்கள் தேயிலைப் பாலிபீனால்களைப் பற்றி, எலுமிச்சையால் கூர்மையாகும் துவர்ப்பை மழுக்குகின்றன. ஜின்னில் ஏற்கெனவே எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோல்களின் மணமும் கொத்தமல்லி விதையின் லினலூல் மணமும் இருப்பதால் பெர்கமாட் மணம் அதில் ஒட்டாமல் நிற்பதில்லை.

அதே நகரில் புக்கர் அண்ட் டாக்ஸ் மதுக்கூடத்தை நடத்திய டேவ் ஆர்னல்ட், பழைய பால் பன்ச்சின் வேதியியலை மதுவுக்கு மட்டும் பொருத்திப் பார்த்தார். 2014இல் வெளிவந்த 'லிக்விட் இன்டெலிஜென்ஸ்' என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். டீ டைம் என்ற காக்டெய்லுக்கு அவர் ஒரு லிட்டர் வோட்காவில் 32 கிராம் டார்ஜிலிங் தேயிலையை ஊறவைக்கிறார். மது கடுந்துவர்ப்பேறிக் கருத்த பின் இலையை வடித்துவிட்டு, 250 மில்லி பாலில் அதைக் கலக்குகிறார். பாலில்தான் மதுவை ஊற்ற வேண்டும். மதுவில் பாலை ஊற்றினால் முதல் சில துளிகளிலேயே பால் திரிந்து, மீதிப் பாலிபீனால் தப்பிவிடும். பிறகு சிறிது சிட்ரிக் அமிலக் கரைசல் சேர்த்துக் கேசீனைத் திரளவைத்து, தெளிந்த மதுவை வடித்தெடுக்கிறார்.

இப்படிப் பாலால் கழுவிய மதுவுக்கு இன்னொரு பயனும் உண்டு. கேசீன் வெளியேறினாலும் பால் திரிந்த தெளிநீரிலுள்ள வேறு புரதங்கள் மதுவிலேயே தங்கிவிடுகின்றன. எலுமிச்சையும் தேன்பாகும் சேர்த்துக் குலுக்கும்போது அவை மெல்லிய, நிலையான நுரையைத் தருகின்றன. முட்டை வெள்ளை இல்லாமலே அதன் வேலை முடிந்துவிடுகிறது. துவர்ப்பு குறைவதால் இலையைத் தாராளமாகச் சேர்த்து மணத்தைக் கூட்டவும் முடிகிறது.

ஆறினால் கலங்கும் தேநீர்

சூடான கறுப்புத் தேநீர் தெளிவாக இருக்கும். அதையே குளிரவைத்தால் சில நேரம் கலங்கிப் பழுப்பு நிறத் திரை விழும். சூட்டில் தனித்தனியே இருந்த கஃபீனும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் மூலக்கூறுகளும் வெப்பம் இறங்கியதும் ஒன்றோடொன்று பிணைந்து கரையாத நுண்துகள்களாவதே காரணம். தேயிலைத் தொழிலில் இதை 'கிரீம்' என்பார்கள். டிகாக்‌ஷன் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு விரைவாகக் கலங்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரும் கலங்கலைக் கூட்டும்.

சூடாகக் குடிப்பவருக்கு இது பொருட்டல்ல. பனிக்கட்டியில் ஊற்றும் காக்டெய்லுக்கும் புட்டியில் அடைக்கும் பானத்துக்கும் இது பெரிய தலைவலி. குளிர்நீரில் ஊறவைப்பது, மெதுவாக ஆறவிட்டுத் திரையை வடிகட்டுவது, கலங்காத தேயிலையைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை இதற்கான வழிகள். மூன்றாவது வழியில் நீலகிரிக்குத் தனி இடம் உண்டு. குன்னூர், கோத்தகிரி மலைச்சரிவுகளில் விளையும் நல்ல இலைத் தேயிலை ஆறினாலும் தெளிவு மாறாது என்ற பெயர் பெற்றது. அதனால் ஐஸ் டீக் கலவைகளில் அது விரும்பிச் சேர்க்கப்படுகிறது. பனிக்காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கும் கொழுந்தில் மணமும் அதிகம்.

எலுமிச்சை பிழிந்தால் கறுப்புத் தேநீர் வெளிறுவதற்கு வேறு காரணம் உண்டு. தியாரூபிஜின்கள் மென்மையான அமிலங்கள். அயனியாகப் பிரிந்த நிலையில் அடர்நிறம் காட்டும் அவை, எலுமிச்சையின் அமிலத்தால் மீண்டும் அயனியல்லாத நிலைக்குத் திரும்பி வெளிர்கின்றன.

அமெரிக்காவில் குடிக்கப்படும் தேநீரில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குளிர்ந்த தேநீர்தான். ஆகவே மது கலந்த தேநீர் டின்னுக்குள் போனதும் அங்கேதான் பெரிதாக நடந்தது. பாஸ்டன் பியர் நிறுவனம் 2001இல் 5 சதவீத ஆல்கஹால் கொண்ட ட்விஸ்டெட் டீயை அறிமுகப்படுத்தியது. தெற்குக் கரோலினாவின் வாட்மலா தீவில் 2008இல் ஃபயர்ஃபிளை என்ற இனிப்புத் தேநீர் வோட்கா தொடங்கியது. இவற்றில் துவர்ப்பை அடக்குவது பெரும்பாலும் சர்க்கரையும் எலுமிச்சைச் சுவையும்தான்.

ஜப்பான் சர்க்கரையில்லாத வழியில் போனது. 1981இல் அங்கே டின்னில் அடைத்த ஊலாங் தேநீர் விற்பனைக்கு வந்தது. சோச்சு என்ற வடிமதுவில் குளிர்ந்த ஊலாங்கை நிறைய ஊற்றிக் குடிக்கும் ஊலாங்-ஹை சாதாரண மதுக்கடைகளில் வழக்கமான பானமாகிவிட்டது. இதில் எலுமிச்சையும் இல்லை, இனிப்பும் இல்லை. ஊலாங்கின் மிதமான துவர்ப்பு எண்ணெயில் பொரித்த பண்டங்களுக்குப் பொருந்துவதால் அதை அடக்க வேண்டிய தேவையும் இல்லை.

இலைக்கேற்ற மது

எந்த இலைக்கு எந்த மது என்பதில் இரண்டுக்கும் பொதுவான மணச் சேர்மங்கள் வழிகாட்டுகின்றன. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையில் உருவாகும் லாப்சாங் சூச்சோங் பைன் மரப்புகையில் உலர்த்தப்படுவது. புகையிலிருந்து அதில் படியும் குவாயகால் போன்ற பீனால்கள், சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரங்களின் புகையில் உலர்ந்த பார்லியிலிருந்து வடிக்கும் ஸ்காட்ச் விஸ்கியிலும் உண்டு. அதனால் இரண்டும் எளிதில் ஒன்றிவிடுகின்றன. ஜப்பானின் ஹோஜிச்சா வறுத்த பச்சைத் தேயிலை. வறுபடும்போது கேட்டச்சின்கள் குறைந்து, கொட்டை வறுத்த மணம் தரும் பைரசின்கள் உருவாகின்றன. துவர்ப்பு குறைந்த இந்த இலை, மரப்பீப்பாயில் முதிர்ந்த ரம், விஸ்கியோடு நன்றாகச் சேரும்.

டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவக் கொழுந்தில் வரும் திராட்சை மணத்துக்கு ஒரு பூச்சியும் காரணம். சாறுறிஞ்சும் தத்துப்பூச்சி கடித்த இலை, தற்காப்பாக மணச் சேர்மங்களை அதிகம் உண்டாக்குகிறது. தைவானின் ஓரியண்டல் பியூட்டி ஊலாங்கும் இப்படிப் பூச்சி கடித்த இலைதான். மென்மையான இந்த மணங்கள் வோட்கா போன்ற வாசனையற்ற மதுவில் தெளிவாகத் தெரியும். புகைமணம் கொண்ட மதுவில் அமுங்கிவிடும்.

மாட்சா இவற்றிலிருந்து வேறுபட்டது. நிழலில் வளர்த்த இலையை மாவாக அரைத்துச் செய்யும் இதில் வடிகட்டும் பேச்சே இல்லை. இலை முழுவதும் கோப்பைக்குள் போகிறது. நிழல் தியனினையும் பச்சையத்தையும் கூட்டுவதால் சுவையும் நிறமும் அடர்ந்திருக்கும். பொடி கரையாமல் மிதப்பதால் சற்று நேரத்தில் அடியில் படியும். எலுமிச்சை சேர்த்து வைத்திருந்தால் பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியத்தை அமிலம் வெளியேற்றி, நிறத்தைப் பழுப்புப் பச்சையாக மாற்றிவிடும். ஆகவே மாட்சா காக்டெய்லைக் குலுக்கிய உடனே பரிமாறுவது வழக்கம். உலக அளவில் மாட்சாவுக்குக் கிராக்கி ஏறி, 2024இல் கியோத்தோவின் பெயர்பெற்ற சில தேயிலைக் கடைகள் விற்பனை அளவுக்கு வரம்பு விதித்தன.

தேயிலை அல்லாத ஒரு பூவும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. சங்குப்பூவின் நீலம் டெர்னாட்டின் என்ற ஆந்தோசயனின்களால் வருவது. அமிலம் சேரும்போது அவற்றின் மூலக்கூறு அமைப்பு மாறி, நீலம் ஊதாவாகி, பின் இளஞ்சிவப்பாகும். கனடாவின் விக்டோரியா நகரில் 2017இல் அறிமுகமான எம்ப்ரஸ் 1908 ஜின்னின் கருநீலம் இந்தப் பூவால் வந்ததே. டானிக் நீரும் எலுமிச்சையும் விழுந்ததும் அதன் நிறம் மாறும். சங்குப்பூவில் துவர்ப்பும் கஃபீனும் கிடையாது.

கஃபீனும் ஆல்கஹாலும்

கஃபீன் தூக்கத்தைத் தள்ளிப்போடும். இரத்தத்திலுள்ள ஆல்கஹாலைக் குறைக்காது. ஈரல் ஆல்கஹாலைச் சிதைக்கும் வேகம் அதனால் கூடுவதில்லை. போதை ஏறியதை உணராமல் மேலும் குடிக்க அது இடம் தருகிறது. தனியாகக் கஃபீன் சேர்த்த மதுபானங்கள் பாதுகாப்பற்றவை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. தேநீர் காக்டெய்லில் கஃபீன் அளவு அந்த அளவுக்குப் போவதில்லை. ஆர்னல்டின் கணக்கில் 32 கிராம் இலையில் 3 சதவீதம் கஃபீன் என்று கொண்டால் சுமார் 960 மில்லிகிராம். முழுவதும் இறங்கினாலும் 60 மில்லி மதுவில் 58 மில்லிகிராமுக்கு மேல் இராது. ஒரு கோப்பைத் தேநீரை ஒட்டிய அளவுதான் இது. ஆனால் இரவில் இரண்டு மூன்று கோப்பை சேர்ந்தால் தூக்கம் கெடும்.

நொதித்த தேநீரும் மதுவில்லாத கோப்பையும்

இனிப்பிட்ட தேநீரில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வளர்வதால் கிடைப்பது கொம்புச்சா. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும். புட்டியில் அடைத்த பின்னும் நொதித்தல் தொடர்ந்தால் காற்றில்லாத அங்கே அமிலமாக்கும் வேலை தளர்ந்து, ஆல்கஹால் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் மதுவற்ற பானத்துக்கான 0.5 சதவீத வரம்பைச் சில தயாரிப்புகள் தாண்டியதால் 2010இல் கொம்புச்சா கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆல்கஹாலையே வேண்டுமென்று கூட்டி பியர் அளவுக்குக் கொண்டுவரும் கொம்புச்சாவும் இப்போது தனி வகையாக விற்கிறது.

மதுவைத் தவிர்ப்போருக்கான பானங்களில் தேயிலையின் பங்கு இன்னும் பெரிது. மதுவிலிருந்து ஆல்கஹாலை எடுத்துவிட்டால் வாயை நிறைக்கும் கனமும் தொண்டையில் இறங்கும் காரமும் போய், வெறும் பழச்சாறு போல் இனித்துக் கிடக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பத் தேயிலையின் பாலிபீனால்களே உதவுகின்றன. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் தரும் இறுக்கத்தை இங்கே தேயிலை தருகிறது. ஒயின் வல்லுநர் ஒருவர் பங்கேற்று 2017இல் தொடங்கிய கோபன்ஹேகன் ஸ்பார்க்லிங் டீ நிறுவனம், பலவகைத் தேயிலைகளைக் கலந்து ஷாம்பெயின் போன்ற புட்டிகளில் பானம் தயாரிக்கிறது. அவற்றில் ஆல்கஹால் இல்லாதவையும் 5 சதவீதம் உள்ளவையும் உண்டு. காக்டெய்லில் பாலாலும் முட்டையாலும் விரட்டப்படும் அதே துவர்ப்பை மதுவில்லாத பானத்தில் விரும்பிக் கூட்டுகிறார்கள். எவ்வளவு என்பதை இலையின் வகையும் நீரின் வெப்பமும் ஊறும் நேரமும் தீர்மானிக்கின்றன.